முதல் படம் பகலில் எடுக்க வேண்டும்

தம்பி,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மா பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அது உனக்கு டவுசர் போட்ட காலத்திலிருந்தே தெரியும். ஆனால் இந்தத் தடவை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாய். வைகாசியில் உனக்கும் மலருக்கும் கல்யாணம், அதற்குள் அப்பா சிமெண்ட் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிவிடுவார், ரெட்டிபாளையம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ரெண்டு பேரும் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்றாய். அதுவரைக்கும் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கடைசியில், "அந்த டெலஸ்கோப்ப யாருக்காவது குடுத்துடும்மா, ஃபிளாட்ல எங்க வெக்கிறது?" என்று சேர்த்தாயே, அங்கேதான் சுருக்கென்றது. இதற்கான பதிலைப் போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ "சரிம்மா சரிம்மா" என்பாய். எழுதினால் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் டவர் இல்லை என்று கட் பண்ண முடியாது.

முதலில் ஒன்று. அது உன்னுடைய டெலஸ்கோப். மறந்துவிட்டாயா? சூரிய கிரகணம் வந்த வருஷம் நீ எட்டாவது. திருச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டெலஸ்கோப் செய்யச் சொல்லித்தருகிறார்கள் என்று உன் வாத்தியார் சொல்ல, நீ சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் புளிச்சோறு கட்டிக்கொண்டு அரியலூரில் பஸ் ஏறிப் போவோம். ஒரு வட்டக் கண்ணாடியின் மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் மாவு போன்ற அரைக்கும் பொடியைத் தண்ணீரோடு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேயத் தேய மேல் கண்ணாடி கிண்ணம் மாதிரி குழியும். இரண்டாவது வாரமே உனக்குக் கை வலித்துவிட்டது. மைதானத்தில் யாரோ கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று ஓடினவன்தான், திரும்பி வரவே இல்லை. நான் என்ன செய்வேன்? கட்டின பணம் வீணாகக் கூடாது என்று உட்கார்ந்து தேய்த்தேன். மூன்றாவது வாரம் பணம் மறந்துபோயிற்று. அம்மியில் அரைத்துப் பழகிய கைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. கரகரவென்று இருப்பது மெல்ல மெல்ல இழைகிற சத்தம் இருக்கிறதே, அது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சொல்லித்தந்த சார் நல்ல மனுஷர். "மொதல் கண்ணாடிம்மா, எஃப் எட்டு வெச்சுக்கங்க, சுலபமா வரும்" என்றார். எஃப் எட்டு என்றால் குழிவு குறைவு, குழாய் நீளம், படம் விழ நேரமாகும். "இதுல நெபுலாவ போட்டோ எடுக்க எவ்ளோ நேரம் புடிக்குங்க சார்?" என்று கேட்டேன். நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி மிதக்கிற அந்த ஒளி மேகங்களை அவர் ஒரு புத்தகத்தில் காட்டியிருந்தார், அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "ஒரு மணி நேரம்னு வெச்சுக்கங்களேன்" என்றார். "எங்கூர்ல கரண்ட் அரை மணி நேரந்தாங்க சார் போவும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஃபேக்டரிக்குச் சொந்த ஜெனரேட்டர், கிழக்குப் பக்கம் எப்போதும் விடிந்த மாதிரி இருக்கும். மற்ற மூன்று பக்கமும் தெருவிளக்கும் டியூப் லைட்டும் வானத்தை வெளுத்துவிடும். கரண்ட் போனால்தான் எங்களுக்கு மேற்கே வானம் கறுக்கும், அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். மனுஷர் சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த பொடி பறந்தது. பிறகு யோசித்து, "அப்ப எஃப் மூணு போடுங்க. ஏழுல ஒரு பங்கு நேரம் போதும். ஆனா கண்ணாடி உங்க உயிர வாங்கிரும்" என்றார்.

வாங்கத்தான் வாங்கியது. நெல்லைக் களத்தில் பரப்பினால் மெல்லிசாகக் கிடக்கும், குவித்தால் மேடாக நிற்கும், அப்படித்தான் இந்த வேகக் கண்ணாடியும். வருகிற வெளிச்சத்தையெல்லாம் சின்ன இடத்தில் குவித்துவிடும், படம் சட்டென்று விழும். ஆனால் குழிவு அதிகம் என்பதால் கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் வளைவு கெட்டுப்போகும். கெட்டால் திரும்பவும் முதல் பொடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிற வரைக்கும் சமையல் மேடையில் குழம்புக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டு பானு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இட்லிக்கு அரைக்கிறத வுட்டுட்டு கண்ணாடிய அரைக்கிற, இத ஊத்துனா இட்லி உப்பி வருமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அரைத்தேன். எனக்கு அந்த நாட்களில் வேறு எந்தக் குறையும் இருந்ததாக ஞாபகமே இல்லை, தம்பி.

உங்கப்பா அதைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி அலுமினியப் பூச்சு போட்டு வந்த அன்றைக்கு, "இத எதுல மாட்டுவ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அரியலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பல்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வானம் நகர்கிற வேகத்துக்கு டெலஸ்கோப்பும் நகர வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். அதற்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், நாம் படம் எடுப்பதோ கரண்ட் இல்லாதபோது. இதை நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டு ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி அதில் ஓடுகிற மாதிரி செய்தார். அந்தச் சுழலும் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்துக்குப் பக்கத்தில் பானு அக்கா வீட்டுத் தண்ணித் தொட்டியை ஒட்டி மினுக்கும். அக்கா தொட்டிக்கு மேல் ஜட்டி பனியன் காயப்போட்டால் அன்றைக்குத் துருவம் கிடையாது. நீ போய், "பெரியம்மா, துணிய எடுங்க, நார்த் போல் தெரியல" என்று கத்துவாய்.

டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி எடுத்த முதல் ஃபிலிம் ரோல் என்ன ஆனது என்று உனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் மலருக்கு நீ இதைப் படித்துக்காட்ட வேண்டும். திருச்சியில் லேப்பில் ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் சாமி கும்பிட்டேன். போய்க் கேட்டால், "ஒண்ணுமே விழலிங்கம்மா, எல்லாம் காலியா இருக்கு, பிரிண்ட் போடல" என்று லேப்காரர் உறையை நீட்டினார். உள்ளே நெகட்டிவ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், படம் விழுந்திருக்கிறது! வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே தொங்குகிற நெபுலா, சிறகு விரித்தபடி அப்படியே. அதன் சரியாக நடுமத்தியில் கத்தரிக்கோல். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். அந்த மனுஷர் பதறி, "எங்க ஒரு படம் முடியுது, எங்க அடுத்தது தொடங்குதுன்னே தெரியலிங்கம்மா, குத்துமதிப்பா வெட்டிட்டேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு யோசனையும் சொன்னார். "இனிமே ரோலு போட்டதும் மொதல் படம் பகல்ல ஒண்ணு எடுத்துருங்க. யாரயாவது நிக்க வெச்சு. அந்தப் படத்தோட ஓரத்த வெச்சு அளந்து மிச்சத்த நான் கரெக்டா வெட்டித்தரேன்."

அன்றிலிருந்து நம் வீட்டில் அது வழக்கமானது. ரோல் மாட்டின அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் உன்னைப் பிடித்து அடிபம்புக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். "லேப்காரன் கத்தரிக்கிறதுக்கு நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்று முறைப்பாய். பாதிப் படங்களில் அந்த முறைப்புதான் இருக்கிறது. ஸ்கூல் பேக்கோடு ஒன்று, மண்டையில் எண்ணெய் வழிய ஒன்று, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் கட்டோடு ஒன்று. எனக்கு அப்போது அவற்றின் மேல் கண்ணே போகாது, உறையைப் பிரித்ததும் அடுத்த படத்துக்குத் தாவிவிடுவேன். லேப்காரர்தான் ஒவ்வொரு தடவையும், "தம்பிக்கு மீசை அரும்புதுங்களே", "என்னங்கம்மா இளைச்சுட்டாப்ல" என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார். உன்னை நேரில் பார்த்திராத ஒரு மனுஷர் நீ வளர்வதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பரீட்சை சமாசாரத்துக்கு வருகிறேன். நீ இத்தனை வருஷமும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் "எங்கம்மா என் பிளஸ் டூ கணக்கக் காவு குடுத்துச்சு" என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறாயே, அதைத்தான். மாசி மாதக் கடைசி, நிலா இல்லை, வானம் துடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை. சாப்பிட்டு முடித்த நேரம் கரண்ட் போனது. தெருவே "அய்யோ"வென்றது, நான் மட்டும் "போயிருச்சுங்க!" என்று கூவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே நீ காற்றுக்காக மேலே வந்து எமர்ஜென்சி லைட்டில் படித்துக்கொண்டிருக்கிறாய், டெலஸ்கோப்புக்கு நேர் எதிரே! "தம்பி, அத அணைடா, பத்து நிமிஷம்" என்றேன். "நாளைக்கு எனக்குப் பரீட்சைம்மா!" என்று நீ கத்தினாய். கீழேயிருந்து உங்கப்பா, "ஏ புள்ள, உனக்கென்ன பித்தா? அவன வுடு" என்றார். நான் ஃபோகஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நீ முணுமுணுத்துக்கொண்டே லைட்டை அணைத்தாய். இருட்டில் உட்கார்ந்து சூத்திரங்களை வாய்விட்டு ஒப்பித்தாய், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக.

ஷட்டரைத் திறந்து, பெரிய குழாயின் மேல் கட்டிய சின்னக் குழாய் வழியே ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் பிடித்துக்கொண்டு, அது விலகாமலிருக்கத் திருகைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறேன். கண்ணை எடுக்கக் கூடாது. பாதி நேரம்கூட ஆகவில்லை, பளிச்சென்று கரண்ட் வந்துவிட்டது. தெருவிளக்கு நம் மாடியை ஒட்டித்தானே. போச்சு, எல்லாம் போச்சு என்று ஷட்டரை மூடக் கை போனது. அப்போது பின்னால் தடதடவென்று சத்தம். நீ படுக்க விரித்திருந்த போர்வையை உருவி, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத் தெருவிளக்கை மறைத்தாய். "எடும்மா, எடு, நான் புடிச்சுக்கறேன்" என்றாய். கீழே தெருவில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்படியும் சூத்திரத்தை விடவில்லை, போர்வைக்குப் பின்னாலிருந்து ஒப்பித்துக்கொண்டே இருந்தாய். நான் "போதும்டா" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கினாய், இறக்கினதும், "இனிமே என்கிட்ட பேசாத" என்று சொல்லிவிட்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாய்.

ஹாலில் மாட்டியிருக்கிற படம் அதுதான். கணக்கில் உனக்குக் குறைந்த மார்க்குக்கு நான் மன்னிப்பு கேட்பேன் என்று காத்திருக்காதே, கேட்கப் போவதில்லை. அன்றைக்குப் பகல் முழுக்க நீ பானு அக்கா வீட்டில் கிரிக்கெட் மேட்ச் பார்த்தது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஆனால் ஒன்று சொல்கிறேன், கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு. மலர் எதற்கோ உயிரை விட்டுக்கொண்டிருக்கும்போது அது எதற்கென்று உனக்குப் புரியாவிட்டாலும் முதலில் போர்வையைப் பிடி. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நீ செய்தது அதுதான், உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொன்று, இது அந்த வேகக் கண்ணாடியிடம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு ஃபோகஸ் மயிரிழை அளவு விலகினாலும் படம் போச்சு. பகல் சூட்டில் விரிந்த குழாய் ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும், சாயந்திரம் சரியாக வைத்தது ஒரு மணி நேரத்தில் தப்பாகிவிடும். உங்கப்பாவின் ஷேவிங் பிளேடை வைத்து நட்சத்திர வெளிச்சத்தை வெட்டிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சரி செய்வேன். நேற்றுத்தான் நன்றாகப் பேசிக்கொண்டோமே என்று இன்றைக்குக் கேட்காமல் இருந்துவிடாதே.

மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு பார்க்க வந்தார்களே, அவள் அப்பா, சித்தப்பா எல்லோரும் ஹால் படத்தைப் பார்த்து, "சாமி படமுங்களா?", "சீனரிங்களா?" என்று கேட்டுவிட்டு பஜ்ஜிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் கிட்டப் போய் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அத்தை, ஓரத்துல இருக்கற நட்சத்திரத்துக்கு மட்டும் ஏன் வால் இருக்கு?" என்றாள். தம்பி, ஏழு வருஷமாக அந்தப் படம் அங்கே தொங்குகிறது, நீ உட்பட ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. வேகக் கண்ணாடிக்கு அது ஒரு குறை, ஓரத்து நட்சத்திரமெல்லாம் இழுத்துக்கொண்டு வால் முளைத்துவிடும், நடுவில் மட்டும்தான் சுத்தம் என்றேன். "நடுவுல நல்லாத்தான் அத்தை இருக்கு" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வெற்றிலைத் தட்டை மாற்றியது அப்புறம்தான்.

சரி, சென்னை. உங்கப்பாவை நீ கேட்டபோது "உங்கம்மாவக் கேளு" என்றாராம். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவருக்கு உன்னோடு இருக்க ஆசை, அது எனக்குத் தெரியும். எனக்கும்தான் ஆசை இல்லையா? ஆனால் சென்னையில் கரண்ட் போனாலும் வானம் கறுக்காது. நான் போகமாட்டேன் என்றால் அவரையும் உன்னிடமிருந்து பிரித்தவளாகிவிடுவேனே என்று மனசுக்குள் உருட்டிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் கொல்லையில் வெல்டிங் சத்தம். போய்ப் பார்த்தால் டெலஸ்கோப் ஸ்டாண்டின் காலைப் பிரித்துப்போட்டுப் புதுக் குழாய் வைத்து உயரமாக்கிக்கொண்டிருக்கிறார். "மெட்ராசுக்குப் போறதுக்கு இது எதுக்குங்க?" என்றேன். முகமூடியைத் தூக்காமலே, "மெட்ராசுக்கு யாரு போறா?" என்றார். "உனக்கு முழங்கால் வலிக்குதுல்ல. குனியாம நின்னு பாக்கலாம்." அழுதேன் என்று எழுதினால் நீ கேலி செய்வாய், ஆனாலும் அழுதேன்.

அதனால் எங்கள் முடிவு இது. ரெட்டிபாளையத்தைக் காலி செய்யத்தான் போகிறோம். எறையூருக்குப் பக்கத்தில் கரும்புக் காட்டு நடுவே உங்கப்பாவின் பங்காளி வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, மாடி இருக்கிறது. போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டோம். சர்க்கரை ஆலை வெளிச்சம் ஒரு ஓரமாகத் தெரிகிறது, நமக்கு வேண்டிய பக்கம் இல்லை. சிமெண்ட் தூசி இல்லை, கண்ணாடியை உறை போட்டு மூட வேண்டாம். தெற்கே பார்த்தேன், அடேயப்பா, கரண்ட் இருக்கும்போதே அவ்வளவு இருட்டு. உனக்கும் இதில் லாபம்தான். ரெட்டிபாளையம் வர நீ இரண்டு பஸ் மாறி அலுத்துக்கொள்வாய், இங்கே சென்னையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஏறினால் ரோட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம், அப்பா வண்டியோடு நிற்பார். மாதம் ஒரு தடவை நீங்கள் வாருங்கள், ஒரு தடவை நாங்கள் வருகிறோம். பேரன் பேத்தி பிறந்தால் ஆறு மாதம் அங்கே வந்து இருக்கிறேன், மழைக்காலமாகப் பார்த்துப் பெற்றுக்கொள்ளச் சொல். உன்னைவிட்டுத் தள்ளி இருப்பது எனக்கு வலிக்காது என்று நினைத்துவிடாதே. வலிக்கும், ஆனால் சந்தோஷமாக இருக்கிற அம்மாவைப் பார்க்க வருவது உனக்கும் நல்லது.

டிஜிட்டல் கேமரா வாங்கித்தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னாய், நான் வேண்டாம் என்றேன். இப்போது வேண்டும், வாங்கி அனுப்பு. அதில் கழுவவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், எடுத்த கையோடு பார்த்துக்கொள்ளலாமாமே. லேப்காரரிடம் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டு, "அப்ப தம்பி படம் எனக்கு வராதுங்களே" என்றார். நீ சென்னைக்குப் போன பிறகு முதல் படத்துக்கு ஆள் கிடைக்காமல் உங்கப்பா, முருங்கை மரம், பானு அக்கா வீட்டு ஆடு என்று நிறுத்தி எடுத்தேன். போன வாரம் வீட்டைக் காலி செய்ய ஒதுக்கும்போது பழைய உறைகளைப் பிரித்து எல்லா முதல் படத்தையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வானத்துக்குத் தாவின அவசரத்தில் நான் பார்க்காமல் விட்ட என் பிள்ளை அங்கே முறைத்துக்கொண்டு வளர்ந்திருந்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

கடைசி ரோல் ஒன்று மிச்சம் இருந்தது, கேமராவில் மாட்டிவிட்டேன். இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நீங்கள் வரும்போது நாங்கள் எறையூர் வீட்டில்தான் இருப்போம். அங்கேயும் வாசலில் அடிபம்பு இருக்கிறது, பார்த்துவிட்டேன். மலரைப் பக்கத்தில் நிற்க வைத்து நீ இந்தத் தடவையாவது சிரிக்க வேண்டும். இத்தனை வருஷமும் எப்போது இருட்டும், எப்போது இருட்டும் என்று காத்திருந்தவள் சொல்கிறேன், தம்பி, அன்றைக்கு மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டுவிடாதீர்கள். வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுங்கள்.

அம்மா